எதிர்மரை

உட்காரவே தெரியாமல் ஒரு மனிதன் முப்பது வயதைத் தாண்டி உயிரோடு இருக்க முடியும் என்று எந்த டாக்டர் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட ஒருவரோடு பெங்களூர் அல்சூரில் ஒரே அறையில் குடியிருந்திருக்கிறேன். அந்த அனுபவத்துக்குப் பிறகு எதையும் நம்புவதாக இருக்கிறேன்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மெஸ் அக்கா நடத்திய சாப்பாட்டுக் கடை. கடைக்கு மேலே எங்கள் அறை. இருவருக்குமே பீன்யாவில் ஒரே தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஸ்டோர்ஸில் உட்கார்ந்த உத்தியோகம். நான் பிறவியிலேயே உட்காருகிற ரகம். நாற்காலி கிடைத்தால் நாற்காலி, இல்லாவிட்டால் படிக்கட்டு, அதுவும் இல்லையென்றால் யாருடைய ஸ்கூட்டராவது. கடவுள் முழங்காலை மடங்கும்படி படைத்ததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அவருக்குப் புரோகிரஸ் சேசர் வேலை. எந்த ஆர்டர் எந்த மிஷினில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லேத்திலிருந்து டிரில்லிங், டிரில்லிங்கிலிருந்து பெயின்ட், அங்கிருந்து மறுபடியும் லேத். அவர் பேசிய தமிழில் பாதி "ஆச்சா? ஆச்சா?" என்பதுதான். சம்பளம் கொடுக்காவிட்டாலும் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருப்பார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியாது. எல்லோரும் அவரை சேசர் என்று கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரை நானே கல்யாணப் பத்திரிகையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதை இங்கே எழுதினால் யாருக்கும் ஆளைத் தெரியப்போவதில்லை.

மெஸ்ஸில் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தபடியேதான் சாப்பிடுவார். சாம்பார் சாதம் வாசலருகே, ரசம் சாதம் அடுப்படியருகே, மோர் சந்தில். "தம்பி, ஒரு எடத்துல குந்துப்பா. எந்தப் பக்கம் கரண்டிய நீட்டுறதுன்னே தெரில" என்று அக்கா கெஞ்சுவார். சுற்றுகிற நாற்காலி இருக்கும் சலூனுக்குத்தான் முடிவெட்டப் போவார். சினிமாவுக்குப் போனால் கதவோரம் நின்று பார்த்துவிட்டு இடைவேளையில் வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்குத் தெரிந்த எல்லாப் படத்திலும் கதாநாயகனும் நாயகியும் பிரிந்தேதான் இருந்தார்கள். தூக்கத்திலும் கால் மட்டும் டியூட்டியில் இருக்கும். போர்வைக்குள் அது போட்ட ஆட்டத்தில் எத்தனையோ முறை என் தூக்கம் கெட்டிருக்கிறது.

இப்படிப்பட்டவர் ஒருநாள் டீக்கடை டி.வி.யில் ஏதோ வெளிநாட்டு சைக்கிள் பந்தயத்தைப் பார்த்துவிட்டார். கிண்ணம் மாதிரி சாய்ந்திருந்த ஓடுதளத்தில் ஆட்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நடுவில் இரண்டு பேர் காலை ஊன்றாமல் சைக்கிள் மேலேயே அசையாமல் நின்றார்கள். "கரண்டு போச்சு போல" என்று முகம் சுளித்தார். மறுபடி அவர்கள் சீறிப் பாய்ந்ததும்தான் அவருக்கு உயிர் வந்தது.

"குரு, பாத்தியா? அந்த சைக்கிள்ல பிரீவீலே இல்ல!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அதுக்கு என்னாண்ணா இப்போ?"

"சக்கரம் சுத்துற வரைக்கும் பெடல் சுத்தும். பெடல் சுத்துற வரைக்கும் கால் சுத்தும். பிரேக்கும் கெடையாது. கால பின்னாடி அழுத்தினாதான் வண்டி நிக்கும். நம்ம சைக்கிள் மாதிரி எறக்கத்துல சும்மா குந்திகினு போற கதையே கெடையாது!"

எனக்கோ சைக்கிளில் பிடித்த ஒரே விஷயமே இறக்கத்தில் சும்மா குந்திக்கொண்டு போவதுதான். ஆனால் அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. மறு ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு குஜிரிக் கடைக்குப் போனார். பழைய இரும்புக் கடையை பெங்களூரில் அப்படித்தான் சொல்வோம். கடைக்காரர் பாய் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் சைக்கிளை எடுத்துப் போட்டார். குறைந்த விலைதான், ஆனால் உடம்பு கெட்டி. துரு மேலோடு மட்டும்.

"மட்கார்டு நக்கோ பாய்" என்று ஆரம்பித்தார் சேசர். நக்கோ என்றால் வேண்டாம். பாய் கழற்றினார்.

"கேரியர் நக்கோ. பெல்லு நக்கோ. செயின் கவர் நக்கோ. பிரேக் நக்கோ."

"ஸ்டாண்டு?"

"ஸ்டாண்டு எதுக்கு பாய்? நிக்கிறதுக்குதானே? நக்கோ."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சைக்கிளாவது ஹோனாவா, அதுவும் நக்கோவா? கேட்டுச் சொல்லு சாப்" என்றார்.

சேசர் ஹாண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டு முனையையும் அறுத்தார். டி.வி.யில் பார்த்த கொம்பு வந்துவிட்டதாம். பீன்யாவில் ஒரு வெல்டிங் ஷெட்டில் பிரீவீலுக்கு வெல்டு வைத்து, அது தனியாகச் சுற்றாதபடி அடைத்தார். துருவைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தார். அதற்கு மேல் நல்ல பெயின்ட் அடிப்பதுதான் முறை. ஆனால் அடித்தது காய வேண்டுமே! அதுவரை யார் காத்திருப்பது? ஈரத்தோடு ஏறிப் புறப்பட்டுவிட்டார். அந்தச் செங்காவி நிறம்தான் கடைசிவரை அந்த சைக்கிளுக்கு. அவருடைய பேன்ட் எல்லாவற்றுக்கும் முழங்காலின் உள்பக்கம் அதே நிறம்.

அந்த சைக்கிளில் ஏறுவதற்கு ஓட வேண்டும். இறங்குவதற்கு எதையாவது பிடிக்க வேண்டும். எங்கள் சந்து முனையில் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. பீன்யாவிலிருந்து அத்தனை தூரம் மிதித்து வந்து, வேகத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடிப்பார். தினமும் ஏழு மணி வாக்கில் ஒரு மனிதர் கம்பத்தைத் தழுவிக்கொண்டு மூச்சு வாங்குவதை எங்கள் சந்து பழகிக்கொண்டது. காலையில் அக்கா டிபன் பாக்ஸை வாசலில் நின்று நீட்டுவார். இவர் கடக்கும்போது பிடுங்கிக்கொண்டு போவார். பேச்செல்லாம் தவணை முறையில்தான் நடக்கும். "குரு, இன்னிக்கு" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போய், சந்தைச் சுற்றி வந்து, "ஓவர் டைம் இருக்குதா?" என்று முடிப்பார். நடுவில் நான் ஒரு டீயே குடித்துவிடலாம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அது நடந்தது. பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் பஸ்ஸிலிருந்து பஞ்சர் கடை வரைக்கும் பூசணிக்காய் உடைத்தாக வேண்டும். ஏரிக்கரை இறக்கத்தின் அடியில் பூசணிக்காயை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். மேலேயிருந்து நம் ஆள் வருகிறார். வேகத்தைக் குறைக்கக் காலைப் பின்பக்கமாக அழுத்துகிறார். இங்கேதான் விஞ்ஞானம் விளையாடியது. வெல்டு பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பல்சக்கரம் மொத்தமும் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் மரையால் திருகி மாட்டிய சங்கதி. முன்னால் மிதித்தால் இறுகும், பின்னால் அழுத்தினால் கழலும். அழுத்த அழுத்த அது அழகாகக் கழன்று வந்துவிட்டது. அப்புறம் பெடலுக்கும் சக்கரத்துக்கும் எந்த உறவும் இல்லை. பிரேக்கோ ஏற்கெனவே பாய் கடையில்.

பூசணிக்காய் வாங்க அக்கா என்னை அனுப்பியிருந்தார். எதைத் தூக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது குவியல் மேல் சேசர் வந்து இறங்கினார். புத்தி கெட்டுப்போச்சா என்று கடைக்காரர் கன்னடத்தில் கத்தினார்: "ஏய்! தலெ கெட்டிதியா நிங்கெ?"

பூசணிச் சதையைத் துடைத்துக்கொண்டு எழுந்த சேசர், கையில் அந்தப் பல்சக்கரத்தை உயர்த்திக் காட்டி, சுற்றி நின்ற கூட்டத்துக்கு மிகவும் பொறுப்பாக விளக்கம் சொன்னார்:

"ஒண்ணுமில்லீங்க. எனக்கு மரை கழண்டுடுச்சு."

ஏரிக்கரையே சிரித்தது. மரை கழண்டவர்களைப் பற்றி ஊரே பேசும், ஆனால் கழண்டதைக் கையில் வைத்துக் காட்டிய ஆளை அன்றுதான் பார்க்கிறார்கள். அந்த நிமிடத்தோடு சேசர் என்ற பெயர் போய் மரை என்ற பெயர் வந்தது. அவருக்கு அதில் கோபமே இல்லை. பேரில் ஒரு டெக்னிக்கல் வார்த்தை வந்ததில் சந்தோஷம்தான். சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டு மறுநாளே கிளம்பிவிட்டார். பின்னால் அழுத்த மட்டும் பயம் வந்துவிட்டது. இனி நிற்க வேண்டுமென்றால் கம்பம்தான் கதி.

அவருக்குப் பெண் பார்க்கும் வேலையை மெஸ் அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பார்த்த இடங்களில் எல்லாம் ஒரே பதில்: "பையன் உக்காரவே இல்லியே." கடைசியாகத் தன் ஒன்றுவிட்ட அண்ணன் மகளையே சொன்னார். பொம்மனஹள்ளியில் வீடு. பெண் பெயர் அமுதா. கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். அப்பா ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டில் எவன் வந்தாலும் நிறுத்தி விசாரித்தே பழகிய மனிதர். அவருக்கு மாப்பிள்ளையாகப் போகிறவரோ நிறுத்தவே முடியாதவர். அக்காவின் துணிச்சலை நான் மனதுக்குள் பாராட்டினேன்.

நானும் அக்காவும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். மரை சைக்கிளில்தான் வருவேன் என்றுவிட்டார். பஸ் என்றால் உட்கார வேண்டுமாம். அப்போது அந்த லேஅவுட் புதிது. வீடுகள் வந்துவிட்டன, விளக்குக் கம்பம் இன்னும் நடவில்லை. இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது மரை தெருவுக்குள் நுழைந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"வணக்கங்க!" என்று கும்பிட்டபடி எங்களைக் கடந்து போனார். வாசலில் நின்றவர்கள் கும்பிட்ட கையை இறக்காமல் அவர் போன திசையைப் பார்த்தார்கள். தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"பஸ்ஸுல வந்தா லேட்டாவுமேன்னு" என்றபடி மறுபடி கடந்தார்.

மூன்றாவது சுற்றில், "சைக்கிள்லயே வந்துட்டேன்!"

பழக்க தோஷத்தில் பெண்ணின் அப்பா கையை நீட்டி, "நில்லு! எங்க போற?" என்று அதட்டினார்.

"நிக்கத்தாங்க பாக்குறேன்!" என்ற குரல் மூலை திரும்பியது.

அதற்குள் அமுதா காபித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அப்பா அக்காவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, பையனுக்கு மரை கிரை கழண்டுடுச்சா?"

சரியாக அப்போதுதான் மரை எங்களைக் கடந்துகொண்டிருந்தார். "ஆமாங்க! ஆயுத பூஜைக்கு மொத நாள் கழண்டுச்சு! நானே தட்டி டைட் பண்ணிக்கினேன்! அப்பப்ப கழலும், பயப்பட வேணாம்!"

அமுதா சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த டம்ளரெல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதைக் கேட்டுவிட்டார் மரை. எப்படியாவது நின்றுவிட வேண்டும் என்று அடுத்த சுற்றில் கேட்டைத் தாவிப் பிடித்தார். கேட் திறந்துகொண்டு அவரோடு கூடவே சுழன்று, உள்ளே இருந்த தண்ணீர் டிரம்மில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சொட்டச் சொட்ட உள்ளே வந்தவர் அப்போதும் உட்காரவில்லை. பஜ்ஜியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தார். அமுதா கொஞ்ச நேரம் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். கிளம்பும்போது அக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததை அவள் பொருட்படுத்தவில்லை. என்னை யாரும் பொருட்படுத்துவதில்லை.

"அத்த, காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் லைன்ல நின்னுட்டே இருக்கறவ நானு. வூட்டுக்கு வந்தா எதிர்ல ஒருத்தர் இருக்கணும்னு ஆசப்படுறேன். இவரு இங்க இருக்காரா அங்க இருக்காரான்னே தெரில. ஆளு நல்லவர்தான். ஒரு எடத்துல நிக்கத் தெரிஞ்சா வரச் சொல்லுங்க."

அப்பா அதோடு விடவில்லை. "பொங்கல் வரைக்கும்தான் பாப்பேன். கிருஷ்ணகிரியில இருந்து ஒரு எடம் கேட்டுகினே இருக்காங்க" என்று சொல்லி, கேட்டைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மரை படிக்கட்டில் உட்கார்ந்தார். பூசணிக்காய் மேல் விழுந்தது கணக்கில் சேராது. தானாக, சுயநினைவோடு, முழங்காலை மடித்து உட்கார்ந்தார். நான் பதறிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஜுரம் இல்லை.

"அந்தப் பொண்ணு சிரிச்சது பாத்தியா குரு? என்னப் பாத்து எல்லாரும்தான் சிரிப்பாங்க. அது வேற மாதிரி. கூட வந்து நின்னுகினு சிரிச்ச மாதிரி இருந்துச்சு." அப்புறம், "கரெக்டா என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு" என்றார்.

"ஒரு எடத்துல நிக்கத் தெரிஞ்சா வரச் சொன்னாங்க."

"அவ்ளோதானே? நிக்கணும். கால ஊனாம, எதையும் புடிக்காம, வண்டி மேலயே நிக்கணும். டி.வி.ல நின்னானுங்க இல்ல ரெண்டு பேரு?"

"அண்ணா, அவங்க சொன்னது வண்டிய இல்ல. வாழ்க்கையில..."

"கஸ்டமர் கேட்டத மாத்திப் பேசாத குரு. நிக்கணும்னு சொன்னாங்க, நின்னு காட்டணும்."

நல்லவேளையாக நான் சோம்பேறி. அதற்கு மேல் விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

நகராமல் நிற்க வேண்டுமென்றால் பெடலை முன்னும் பின்னும் மெல்ல அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் அழுத்தினால் மரை கழலும். ஆகவே கழலாதபடி ஒரு பூட்டு வேண்டும். பல்சக்கரத்துக்கு வெளியே இன்னொரு வளையம், எதிர்ப்பக்கமாக வெட்டிய மரையோடு. சக்கரம் கழலப் பார்த்தால் வளையம் இறுகும். அதற்கு ஹப்பையே புதிதாகக் கடைய வேண்டும். எங்கள் கம்பெனி டர்னர் செல்வராஜ், வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் சொந்தமாக ஒரு சின்ன லேத் வைத்திருந்தார். மரை "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டே பாதி ஆயுளைக் குறைத்திருந்தது இந்தச் செல்வராஜுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் நின்றதும் செல்வராஜ் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு ஸ்டூலை எடுத்து லேத்துக்கு எதிரில் போட்டார்.

"குந்து."

"பரவால்ல செல்வராஜ், நான் நிக்கிறேன்."

"உன் வேல ஆவணுமா, வேணாமா? குந்து. எந்திரிச்சா மிஷினை ஆஃப் பண்ணிருவேன்."

உட்கார்ந்தார். செல்வராஜ் டீ குடித்தார். எண்ணெய் விட்டார். பீடி பற்றவைத்தார். இரும்புச் சுருள் ஒன்றை எடுத்து வெயிலில் பார்த்தார். மரையின் முழங்கால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஓடியது. கடைசியில் அடக்க முடியாமல் வாயைத் திறந்தார். "ஆ..."

மிஷின் நின்றது. "என்ன சொன்ன?"

"ஆ... ஆகட்டும்னேன்."

இப்படியாக அன்று சாயங்காலம் வரைக்கும் வேலை நடந்தது. கடைசியில் ஹப்பைக் கையில் கொடுக்கும்போது செல்வராஜ் காசு பேச்சே எடுக்கவில்லை. "உன்ன ஒரு நாள் பூரா குந்த வெச்சேன் பாரு, எனக்கு அது போதும்" என்றார். மறுநாள் கம்பெனி முழுக்க அவர் புதுப் பெயரைப் பரப்பிவிட்டார். மரை, எதிர்மரை ஆனார்.

சைக்கிள் தயார். ஆள்தான் தயாராகவில்லை. சந்தில் ஏறி நிற்பார், இடப்பக்கம் விழுவார். மறுபடி ஏறுவார், வலப்பக்கம் விழுவார். ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தது. முழங்கையில் மருந்தின் மஞ்சள், முழங்காலில் ரெட் ஆக்சைடின் சிவப்பு. பொங்கலோ கிட்டே வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் விழுந்த இடத்திலிருந்தே என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல எதிர்க் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.

"குரு, நீ எப்பிடி இப்பிடி இருக்கற?"

"எப்பிடிண்ணா?"

"சும்மா. அசையாம. ஈ குந்துனாகூட ஓட்ட மாட்டேன்ற. எப்பிடி? சொல்லிக் குடு."

என் வாழ்க்கையில் என்னை ஒரு நிபுணனாக மதித்து யாரும் எதையும் கேட்டது கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். உள்ளதைச் சொன்னேன்: "சக்கரத்தப் பாக்காதீங்கண்ணா. அது ஆடுது. அதப் பாத்தா நீங்களும் ஆடுறீங்க. எதுனா ஆடாத பொருளாப் பாத்துகினு இருங்க."

சந்து முழுக்கக் கண்ணை ஓட்டினார். நாய் ஓடியது. கொடியில் துணி ஆடியது. குழாயடியில் சண்டை நடந்தது. கடைசியில் அவர் கண் என் மேல் வந்து நின்றது.

என்னைப் பார்த்தபடி ஏறினார். முன்சக்கரத்தைச் சற்றே திருப்பினார். பெடலை ஒரு விரல் அளவு முன்னே, ஒரு விரல் அளவு பின்னே. செயின் மட்டும் டிக், டிக் என்றது. நின்றார். அக்கா உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடி வந்து வாயில் கை வைத்துக்கொண்டார். நான் மூச்சுக்கூட விடவில்லை. அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் முடிந்து வந்ததும் அந்தச் சுவரில் உட்கார்ந்திருப்பது என் வேலையாயிற்று. உட்காருவதற்கு நான் இவ்வளவு உழைத்ததே இல்லை.

போகியன்று, மார்கழியில் கல்யாணப் பேச்சு கூடாது என்று அக்கா எவ்வளவோ தடுத்தும் எதிர்மரை பொம்மனஹள்ளிக்குப் புறப்பட்டுவிட்டார். நான் முன்னாலேயே பஸ்ஸில் போய் அமுதா வீட்டுக்கு எதிர்ச் சுவரில் இடம் பிடித்தேன். அது என் ஸ்தானம். எதிர்மரை வந்தார். இந்தத் தடவை சுற்றவில்லை. காலைப் பின்னால் அழுத்தினார், மரை கழலவில்லை. கேட்டுக்கு நேராக வந்ததும் முன்சக்கரத்தைத் திருப்பினார், என்னைப் பார்த்தார், நின்றார். பெல்தான் இல்லையே, கூப்பிடவும் வழியில்லை. சும்மா நின்றார்.

அப்பா வெளியே வந்தார். "என்னய்யா?"

"நிக்கிறேங்க."

"அது தெரியுது. எறங்கி நில்லு."

"எறங்குனா எல்லாரும்தாங்க நிப்பாங்க."

இத்தனை வருடம் கேட்டில் எல்லோரையும் நிறுத்திய அப்பா உள்ளே திரும்பி, "அமுதா! இங்க வா. இது என்னான்னு கேளு" என்று கூப்பிட்டார்.

அமுதா வந்தாள். பழையதெல்லாம் எரித்த புகை வாசலில் இன்னும் இருந்தது. சைக்கிளைப் பார்த்தாள், முழங்கைக் கட்டைப் பார்த்தாள், நடுங்குகிற தொடையைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னீங்களே" என்றார் எதிர்மரை, என் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "நிக்கத் தெரிஞ்சா வரச் சொன்னீங்க. கத்துகினேன்."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "அய்யோ, நான் சொன்னது இந்த நிக்கிறது இல்லீங்க!"

சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. எனக்கு உயிரே போயிற்று. பொங்கல் வரை கொடுத்த தவணை, கிருஷ்ணகிரி மாப்பிள்ளை, அத்தனை நாள் அத்தனை சிராய்ப்பு, எல்லாம் அந்த ஒரு ஆட்டத்தில் இருந்தது. விழுந்தால் இந்த மனிதர் மறுபடி ஓடத் தொடங்கிவிடுவார், அப்புறம் எங்கேயும் நிற்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தேன். எப்படியோ சமாளித்துவிட்டார்.

"அப்போ எந்த நிக்கிறதுங்க? சொல்லுங்க. அதையும் கத்துக்குறேன்" என்றார்.

அமுதா உள்ளே போனாள். தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு உள்ளே, அவருக்கு நேர் எதிரில் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

"நாள் பூரா நிக்கிறவ நானு. ஒரு நாளாவது நான் குந்திகினு இன்னொருத்தர் நிக்கட்டும்" என்றாள். "எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

"நீங்க சொல்ற வரைக்கும்."

அப்போதுதான் அது நடந்தது. எதிர்மரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை மெல்ல எடுத்து, அவளைப் பார்த்தார். விழவில்லை. செயின் டிக், டிக் என்றது. அவள் சிரிக்கத் தொடங்கினாள், அப்போதும் விழவில்லை. எதிர்ச் சுவரில் எனக்கு இனிமேல் வேலை இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

தையில் கல்யாணம். மணவறையில் அவர் முழங்கால் ஓடத் தொடங்கியபோதெல்லாம் அமுதா அதன் மேல் கையை வைத்தாள், நின்றது. தாலி கட்டி முடிந்ததும் ஐயரைப் பார்த்து "ஆச்சா?" என்று கேட்டதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. பிறகு பொம்மனஹள்ளிப் பக்கமே வீடு பார்த்துக் குடிபோனார். அறை முழுக்க எனக்கு. போர்வைக்குள் யாரும் சைக்கிள் விடவில்லை. நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு, சந்து முனையில் செயின் சத்தம் கேட்டது. அதே செங்காவி சைக்கிள். பின்னால் புதுக் கேரியர், அதில் அமுதா. விளக்குக் கம்பத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து வந்து என் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். அமுதா இறங்கி, "அத்த!" என்று கூப்பிட்டுக்கொண்டு மெஸ்ஸுக்குள் போனாள். அவரும் இறங்கி, காலால் எதையோ தட்டினார். சைக்கிள் தானாக நின்றது.

"ஸ்டாண்டா?" என்றேன்.

"அவங்க கேட்டாங்க" என்றார், வெட்கத்தோடு. "பாய் கிட்டயே போயி வாங்கினேன். நக்கோன்னு சொன்னத பத்திரமா வெச்சிருந்தாரு."

வந்து என் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அமுதா சாப்பிட்டுவிட்டு வந்ததும், "வரட்டா குரு" என்று எழுந்து, ஸ்டாண்டை எடுத்து, இரண்டடி ஓடி ஏறினார். அமுதாவும் கேரியரில் தாவி உட்கார்ந்தாள்.

நான் யாரையும் எழுந்து நின்று வழியனுப்பியவன் இல்லை. மானேஜர் வந்தாலே பாதிதான் எழுந்திருப்பேன். அன்று அந்த சைக்கிள் கம்பத்தைத் தாண்டி, முனை திரும்பி, செயின் சத்தமும் அடங்குகிற வரைக்கும், சந்து நடுவில் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன்.